சத்தமுள்ள வண்டியும் சூடில்லாத தொட்டியும்

வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர் தம்பி ஒருவர் போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டார். இருக்கிற பைக் மேல் உயிரையே வைத்திருக்கிறாராம். ஆனாலும் புதிதாக ஒன்று வாங்க ஆசையாம். பழையதை நினைத்தால் மனசு வரவில்லையாம். என்ன செய்யலாம் என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து ரசம் வந்துவிட்டதால் நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஃபாலோ-அப் வேலைக்கு வந்திருக்கும் எல்லோரும் கேட்டுக்கொள்ளலாம்.

மைலேஜ், தவணை, கலர் இதையெல்லாம் ஷோரூமில் டை கட்டியவரிடம் கேளுங்கள். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. வண்டி மேல் வைத்த பாசம் ஒரு மனிதனை எத்தனை வருஷம் முட்டாளாக வைத்திருக்கும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். என் விஷயத்தில் ஏழு வருஷம்.

எங்கள் காலத்தில் செல்போன் கிடையாது. திருப்பூரில் ஒரு டீ-ஷர்ட் உருவாக வேண்டுமென்றால் ஒரு தெருவில் நூல் துணியாகும், இன்னொரு தெருவில் சாயம் ஏறும், மூன்றாவது தெருவில் தையல் விழும். எதுவும் நம் கூரைக்குக் கீழே நடக்காது. ஒவ்வொரு இடமாகப் போய் நின்று, "நம்ம துணி என்னாச்சுங்க" என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். காலும் வாயும் இருந்தால் போதும் என்றுதான் வேலைக்கு எடுத்தார்கள். காலுக்குப் பதிலாக நான் வண்டி வைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், பழைய வண்டியாக வாங்கினேன். கறுப்பு வண்டி. பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு புகைக்குழாய். கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஓட்டாதவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. நின்றால் மூச்சு வாங்கும், ஓடினால் ஊரே திரும்பிப் பார்க்கும். காலையில் அதைத் துடைப்பதற்கென்று தனியாகப் புதுப் பனியன் வேஸ்ட் துணி வைத்திருந்தேன். என் மனைவி சரசு, தன் முகத்தை நான் அத்தனை அக்கறையாக ஒருநாளும் பார்த்ததில்லை என்று சொல்வாள். அது உண்மைதான், ஆனால் வண்டி பதில் பேசாதே.

ஊருக்கு வடக்கே, அவிநாசி போகிற வழியில், ஒரு ஓடைப் பாலத்தைத் தாண்டினால் ஒரு சாயப்பட்டறை. எங்கள் கம்பெனித் துணியில் பாதி அங்கேதான் போகும். அங்கே வரிசையாகத் தொட்டிகள் இருக்கும். தொட்டிக்கு மேலே ஒரு உருளை சுற்றும். அதில் துணி ஏறி ஏறிச் சாயத் தண்ணீருக்குள் இறங்கும். பாய்லரிலிருந்து ஆவி வந்து தண்ணீரைக் கொதிக்க வைக்கும். சூடு இல்லாவிட்டால் சாயம் துணியில் நிற்காது. உங்களுக்குத் தெரிய வேண்டிய தொழில்நுட்பம் இவ்வளவுதான்.

மற்றக் கம்பெனிகளின் ஃபாலோ-அப் ஆட்கள் எல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து அழுவார்கள். தங்கள் துணியைப் பட்டறைக்காரர்கள் மூலையில் போட்டுவிட்டு வேறு யாருக்கோ ஓட்டுகிறார்களாம், போய்க் கேட்டால் நாளைக்கு என்கிறார்களாம். எனக்குச் சிரிப்பாக வரும். நான் எப்போது போனாலும் என் துணி தொட்டியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள்கூடத் தவறியதில்லை. அவர்களுக்குப் பேசத் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லவும் செய்தேன். "பாலத்துல என் வண்டிச் சத்தம் கேட்டாப் போதுமுங்க, பட்டறையே எந்திரிச்சு நிக்கும்" என்றேன். பாவம், நான் சொன்னது அத்தனையும் உண்மை. எதற்காக எழுந்து நிற்கிறது என்பதுதான் எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு அரக்குச் சிவப்பு ஆர்டர் வந்தது. எங்கள் முதலாளி அதுவரை பிடித்ததிலேயே பெரிய ஆர்டர். உடம்புத் துணி எல்லாம் சாயமாகித் தையலும் முடிந்துவிட்டது. கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி மட்டும் அந்தப் பட்டறையில் மாட்டிக்கொண்டது. கம்பெனிக்குள் மலைபோல டீ-ஷர்ட்கள் குவிந்து கிடந்தன. ஒன்றுக்கும் கழுத்து இல்லை. சனிக்கிழமை லாரி கிளம்பினால்தான் தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்கலாம். தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அப்படி அனுப்பினால் முதலாளி கம்பெனியை மூடிவிட்டு மறுபடி தோட்டத்தில் வெங்காயம் போடப் போக வேண்டியதுதான்.

திங்கட்கிழமை போனேன். துணி ஓடிக்கொண்டிருந்தது. கலர் சரியாக ஏறவில்லை, மறுபடி ஓட்டுகிறோம் என்றார் சாயப்பட்டறை மாஸ்டர். செவ்வாய்க்கிழமை போனேன். ஓடிக்கொண்டிருந்தது. அதே பதில். சாயங்காலம் முதலாளியிடம், துணி தொட்டியில் இருப்பதை என் கண்ணால் பார்த்தேன் என்று அடித்துச் சொன்னேன். அவர் கழுத்தில்லாத ஒரு டீ-ஷர்ட்டை எடுத்து மடித்து மேஜை மேல் வைத்தார்.

"இந்தக் கப்பல உட்டுட்டா நீங்க வேற எடம் பாத்துக்குங்க. கோவிச்சுக்காதீங்க" என்றார்.

எங்கள் பக்கம் வேலையை விட்டு அனுப்பினாலும் 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார்கள். கேட்கிறபோது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அர்த்தம் புரியும். எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள்.

புதன்கிழமை காலையில் குன்னத்தூரிலிருந்து என் மச்சினன் வந்து இறங்கினான். புதிதாக வந்திருந்த நாலு ஸ்ட்ரோக் வண்டி வாங்கியிருந்தான், அதைக் காட்ட வந்தான். சரசுதான் வரச் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அவளுக்கு என் கறுப்பு வண்டியில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும், கடைக்குட்டிக்குப் புகை பட்டால் இருமல் வரும். நான் இரண்டையும் வருஷக்கணக்கில் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஒரு நாளைக்கு ஓட்டிப் பாருங்க மச்சான். புடிக்கலீன்னா ஏனுன்னு கேக்க மாட்டேன்" என்று சாவியைக் கையில் திணித்தான். நான் இருந்த நிலைமைக்கு வாக்குவாதம் பண்ணத் தெம்பில்லை. ஏறி உட்கார்ந்து உதைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை என்று மறுபடி உதைத்தேன். "ஓடிட்டுத்தானுங்க இருக்குது" என்றான் மச்சினன். அப்படி ஒரு ஊமை வண்டி. இதுவும் ஒரு வண்டியா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் எங்கள் ஊர் ராயபுரத்தைத் தாண்டினேன்.

பாலத்தில் ஏறி இறங்கினேன். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு யாரும் வணக்கம் வைக்கவில்லை. சுவரோரம் என் ரிப் துணி ஈரத்தோடு சுருண்டு கிடந்தது. அதன் மேல் டிபன் பாக்ஸை வைத்து ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆவி பறக்கிற தொட்டிகளில் எல்லாம் வேறு கம்பெனியின் நீலத் துணி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு தொட்டி சும்மா இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த தொட்டி. நான் போகும்போதெல்லாம் என் துணி ஓடுகிற தொட்டி.

வெளியே கொடியில் துணி காயப்போடுகிற இடத்தில் ஞானம்மா என்று ஒரு பெண் வேலை செய்தார். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர். நான் வெளியே வந்து காய்கிற துணிகளுக்கு நடுவில் பேயறைந்தது மாதிரி நிற்பதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். இரக்கப்பட்டாரா, அல்லது அத்தனை வருஷம் அடக்கிவைத்த சிரிப்பு தாங்கவில்லையா, தெரியாது.

"அண்ணாச்சி, அந்தக் கடேசித் தொட்டிக்கு ஆவிக் கொழாயே கெடையாது. ஒங்க வண்டிச் சத்தம் பாலத்துல கேட்டதும் துணியத் தூக்கி அதுல போட்டு, பழைய சாயத் தண்ணிய ஊத்திச் சுத்த விட்டுருவாவ. நீங்க போனதும் எடுத்துருவாவ" என்றார். பிறகு ஒரு ஆறுதலுக்காக, எல்லா வண்டிச் சத்தமும் மாஸ்டருக்குத் தெரியும் என்றும், ஆனால் என்னுடையதுதான் ரொம்பத் தூரத்திலிருந்தே கேட்கும், அதனால் ஓட வேண்டியதில்லை, எல்லோரும் மெதுவாகவே செய்வார்கள் என்றும் சொன்னார்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், மற்றத் தொட்டிகளில் ஆவி பறக்கிறதே, இதில் மட்டும் பறக்கவில்லையே, அதை ஏழு வருஷம் ஒருவன் கவனிக்க மாட்டானா என்று. நானும் என்னையே அதைத்தான் கேட்டேன். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது வாசல் வழியாக என் வண்டி தெரியும். வெயில் பட்டால் டேங்க் மின்னும். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உள்ளே போய் மாஸ்டரின் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்றிருந்தது. தம்பிகளே, வேலையில் நம் மூளை எதற்காக இருக்கிறதென்றால் இப்படிப்பட்ட இரண்டு நிமிஷத்துக்காகத்தான். நான் சண்டை போட்டால் அவர் என்ன சொல்வார்? "எடுத்துட்டுப் போங்க" என்பார். ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு நான் யாரிடம் போவேன்? சனிக்கிழமைக்குள் எந்தப் பட்டறையும் புதுத் துணி வாங்காது. எனக்கு நியாயம் வேண்டியதில்லை, கழுத்துத்தான் வேண்டும். வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பினேன். அந்த ஊமை வண்டியின் அருமை அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குப் போனால் சரசு பக்கத்து வீட்டு அம்மாவோடு உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பே பற்றவைக்கவில்லை. "சத்தமே கேக்கலீங்க" என்று பதறி எழுந்தாள். நான் வரும்போதெல்லாம் தட்டில் சுடச்சுடச் சோறு விழுவதன் ரகசியமும் அன்றைக்கே தெரிந்துபோனது. அதைப் பற்றி விசாரிக்க எனக்கு நேரமில்லை. என் கறுப்பு வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

பாலத்தில் வேண்டுமென்றே மெதுவாகப் போனேன். சத்தம் வர நன்றாக முறுக்கி, அவர்களுக்கு வேண்டிய நேரம் கொடுத்தேன். உள்ளே போனபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. வணக்கம் வந்தது. டிபன் சாப்பிட்டவர் தொட்டிக்குப் பக்கத்தில் பொறுப்பாக நின்றார். கடைசித் தொட்டியில் என் துணி சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்பத்தானுங்க சூடு ஏறுது" என்றார் மாஸ்டர்.

நான் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினேன். மாஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை. சூடு இருந்தால் தோல் உரிந்துவிடும், சூடு இல்லை என்று அவர் எப்படிச் சொல்வார்? கையைத் தொட்டிக்குள் விட்டேன். தண்ணீர் கிணற்றடித் தண்ணீர்போல் ஜில்லென்றிருந்தது. நிதானமாக ஒரு தடவை கலக்கிவிட்டு வெளியே எடுத்தேன்.

"மாஸ்டர், சூடு ரொம்பச் சாஸ்தியா இருக்குதுங்க. கை வெந்துருச்சு" என்றேன்.

உருளை மட்டும் கிறீச் கிறீச்சென்று சுற்றியது. "ஆவி இருக்கற தொட்டில போட்டுட்டீங்கன்னா ஆறிருமுங்க" என்றேன்.

அவரும் மனிதர்தான். முதலில் முகம் செத்துப்போனது, பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பாதியில் இருக்கிற துணியை எடுக்க முடியாது, எடுத்தால் பாழாகிவிடும், அதனால் நீலம் ஒரு தொட்டி முடியும்வரை பொறுக்கச் சொன்னார். நியாயம்தான். ஒரு சாய டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். என் துணி ஆவித் தொட்டியில் ஏறி, கலர் ஊற்றி, நிறம் நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை. வாசலில் என் வண்டி நின்றது. அன்றைக்கு ஒரு தடவைகூட நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை துணி காய்ந்தது. வெள்ளிக்கிழமை ராயபுரத்துத் தையல்காரர்கள் உட்பட எல்லோரையும் பிடித்துவந்து கழுத்து வைத்தோம். சனிக்கிழமை மத்தியானம் லாரி கிளம்பியது. என் வலது கை முழங்கைவரை அரக்குச் சிவப்பாக ஒரு வாரம் இருந்தது. முதலாளி அந்தக் கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமையும் வேலைக்கு வரலாம் என்று அதற்கு அர்த்தம். சரசுதான், கழுத்துக்குச் சாயம் போடப் போய்க் கைக்குப் போட்டுக்கொண்டு வந்த ஒரே ஆள் நீங்கள்தான் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் பட்ட பாட்டை எழுத மாட்டேன். புது வண்டி வேண்டும் என்று புத்தி சொன்னது. ஊமை வண்டியில் போனால்தான் உள்ளதை உள்ளபடி பார்க்க முடியும். ஆனால் காலையில் கறுப்பு வண்டியைத் துடைக்கப் போனால் கை அதை விடாது. என்னை ஏமாற்றியது அது இல்லையே. அது பாட்டுக்கு ஓடியது, அதைப் பார்த்து ஏமாந்தது நான். இரண்டையும் வைத்துக்கொள்ள என் வாசலில் இடமும் இல்லை, சம்பளத்தில் வழியும் இல்லை. பாலத்தில் அதன் சத்தம் கேட்டால், கையை விட்டுப் பார்க்கிற ஆள் வருகிறான் என்று மாஸ்டர் இப்போது என் துணியை நேராக ஆவித் தொட்டியிலேயே போடுகிறார் என்று ஞானம்மா வேறு சொன்னார். சத்தம் போனால் அந்தப் பயமும் போகும்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் எனக்கு வந்த நல்ல யோசனைகள் மொத்தம் இரண்டோ மூன்றோதான், அதில் இது ஒன்று. பழைய வண்டி வாங்குகிற புரோக்கர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோவேன் என்றார். கொடுக்க மாட்டேன் என்றேன். சேவூர்ப் பக்கம் மாட்டாஸ்பத்திரியில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். குடியிருப்பு திருப்பூரில். தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அதுவும் நேரம் காலம் கிடையாது, எந்தத் தோட்டத்தில் எந்த எருமைக்கு எப்போது வயிறு உப்பும் என்று யாருக்குத் தெரியும்? அவருக்கு விலையைக் குறைத்துக் கொடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை, புகைக்குழாயை மாற்றக் கூடாது. சத்தத்துக்கு மாடு மிரளுமே என்று அவர் தயங்கினார். தோட்டத்து வேலிக்கு வெளியே அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போங்கள், பாலத்தில் மட்டும் அணைக்காதீர்கள் என்றேன். சாமிக்கு நேர்த்திக்கடனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் ஒத்துக்கொண்டார்.

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போன அன்று நான் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? சரசு பார்த்தும் பார்க்காதது மாதிரி உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் இப்போது பட்டறைக்குக் கிளம்புவதற்கு முன்னால் போன் போட்டு, பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். என் புகைக்குழாய்க்கும் உங்கள் போனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆகவே பந்தியில் கேட்ட தம்பி, புது வண்டியை வாங்குங்கள். சத்தம் குறைவாகப் பார்த்து வாங்குங்கள். பழையதன் மேல் பாசம் இருந்தால் விலையை மட்டும் பார்த்து விற்காதீர்கள். அது எந்த ரோட்டில் ஓடப் போகிறது என்று பாருங்கள்.

விற்ற மறுநாளே, ஒரு பச்சைத் துணிக்காகப் புது வண்டியில் பட்டறைக்குப் போனேன். யாருக்கும் நான் வந்தது தெரியாது. என் துணி வழக்கம்போல் சுவரோரம் கிடந்தது. நான் கொடிக்குப் பின்னால், ஞானம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் பாலத்துப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. ஏழு வருஷம் அதன் மேல் உட்கார்ந்திருந்தேனே தவிர, அது வருவதை ஒருநாளும் நான் வெளியே நின்று கேட்டதில்லை. எத்தனை அழகான சத்தம்.

உள்ளே மாஸ்டர் குரல் கொடுத்தார், பாலத்தில் வந்துவிட்டார், பச்சையைத் தூக்கி ஆவித் தொட்டியில் போடுங்கள் என்று. நாலு பேர் ஓடினார்கள். துணி ஏறியது, கலர் ஊற்றினார்கள், ஆவி பறந்தது. சத்தம் வாசல்வரை வந்தது. நிற்கவில்லை. சேவூரைப் பார்த்துப் போய்விட்டது. எல்லோரும் பச்சைக் கையோடு வாசலைப் பார்த்து நின்றார்கள். ஞானம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அசைவில் மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டார். என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீங்க இங்க நிக்கறீங்க. அப்ப அங்க போறது யாருங்க?"

"அதுவும் நானுங்க மாஸ்டர்" என்றேன்.

கலர் ஊற்றிய துணியை இனி எடுக்க முடியாது.